முதுகுக்கு வந்த மாற்றல்

என் வீட்டுக்காரரோட இடது முதுகுச் சதையை உரிச்சு, நெஞ்சுக்குள்ள கொண்டு போய், இதயத்தைச் சுத்திப் போர்த்தப் போறேன்னு சர்ஜன் சொன்னப்போ நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தையலுக்கு எவ்வளவு விடுவீங்க டாக்டர்?"

மேஜைக்குக் கீழே வீட்டுக்காரர் என் காலை மிதிச்சாரு. மிதிக்கட்டும். முப்பது வருஷமா தையல் மெஷின்ல உக்கார்ந்திருக்கிறவ நான். எதை எதோட சேர்த்துத் தைச்சாலும் ஓரத்துல கொஞ்சம் விடணும், இல்லாட்டி ஒரு இழுப்புல பிரிஞ்சு வந்துடும். கால்சட்டைக்கே அப்படின்னா, ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிற சாமானுக்கு எப்படி இருக்கணும்? சர்ஜன் சிரிக்கலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "நல்ல கேள்வி. ஒன்றரை விரல் விடுவேன்"னாரு. அந்த நிமிஷமே எனக்கு அந்த ஆளைப் பிடிச்சுப் போச்சு.

வீட்டுக்காரரை எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. கட்டிக்கிட்ட நானும் அப்படித்தான் கூப்பிடுறேன். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு போட்டு ஜிம் நடத்துறாரு. முன்னறையில என் தையல் கடை. பின்னாடி எவனாவது இரும்பைத் தொப்புன்னு போட்டா, முன்னாடி என் ஊசி ஒரு தையல் தாவும். அதுக்காக எத்தனையோ தடவை கத்திரிக்கோலோட போய் நின்னிருக்கேன். ஜிம்முக்கு வர்றவங்களுக்கு மாஸ்டரைவிட என்கிட்டதான் பயம் அதிகம்.

அப்படி இரும்போட மல்லுக்கட்டின மனுஷனுக்குப் போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள்ல காய்ச்சல் போயிடுச்சு, போறப்போ இதயத்தோட தெம்பையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. படத்துல காட்டினாங்க. உப்பிப் போய், தொளதொளன்னு, எலாஸ்டிக் போன கால்சட்டை மாதிரி கிடந்துச்சு. குளிச்சுட்டு வந்து துண்டை உதறினாலே மூச்சு வாங்குவாரு. மாத்திரைங்க ஒரு எல்லை வரைக்கும்தான் இழுத்துச்சு. வேற இதயம் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பதான் யாரோ சொல்லி இந்த சர்ஜன்கிட்ட வந்து சேர்ந்தோம்.

அவர் பொறுமையா விளக்கினாரு. அக்குளுக்குக் கீழே இருந்து இடுப்பு வரைக்கும் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கிற சதையைத்தான் எடுப்பாராம். நரம்பையும் ரத்தக்குழாயையும் அறுக்காம ஒரு ஓரம் ஒட்டினபடியே உள்ளே திருப்பி விட்டு, இதயத்தைச் சுத்திக்கிட்டு வந்து தைப்பாராம். வயித்துத் தோலுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. இதயம் துடிக்கிற நேரம் பார்த்து அது கரண்ட் குடுக்கும், சதை சுருங்கி இதயத்தைப் பிழிஞ்சு விடும்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு"ன்னாரு. "முதுகுச் சதை கொஞ்சம் உழைச்சா ஓய்வு கேக்கும். இதயத்துக்கு ஓய்வே கிடையாது. அதனால ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் சதையைச் சும்மா விட்டுடணும், ஒட்டிக்கட்டும். அப்புறம் பெட்டியை முடுக்கி, கொஞ்சம் கொஞ்சமா வேலை பழக்குவோம். ரெண்டு மூணு மாசத்துல அது களைப்பே தெரியாத சதையா மாறிடும். எல்லாருக்கும் ஒத்து வராது. உங்களுக்கு வரும்னு நினைக்கிறேன்."

அதுக்கப்புறம் சொன்னதைத்தான் எல்லாரும் கவனமா கேட்டிருக்கணும். மூணு வாரம் கழிச்சு ஆபரேஷன். அதுவரைக்கும் ஒரு வாளி தண்ணிகூடத் தூக்கக் கூடாது. ரெண்டு தலைகாணி வெச்சுப் படுக்க முடியற வரைக்கும் அவர் ஆபரேஷன் பண்ணுவாரு. நாலு தலைகாணி இல்லாம மூச்சு விட முடியலைன்னா பண்ண மாட்டாரு. பாதி கெட்ட இதயத்துக்குத்தான் இந்த வைத்தியம், முழுசா கெட்டதைத் தொட்டா மேஜையிலேயே உயிர் போயிடும்னு நேராவே சொன்னாரு.

மாஸ்டர் கேட்டது வேற. "டாக்டர், நீங்க சொல்றது விங்ஸா?" ஜிம் ஆளுங்க பாஷையில அந்தச் சதைக்கு அதுதான் பேரு. சர்ஜனுக்குப் புரியலை. உடனே இவர் எழுந்து சட்டையைக் கழட்டிட்டு, திரும்பி நின்னு, ரெண்டு கையையும் மடக்கி விரிச்சுக் காட்டுறாரு. மூச்சு வாங்குது, முகத்துல மட்டும் பரிசு வாங்கின களை. "அதுதான் டாக்டர் என்கிட்ட இருக்கிறதிலேயே நல்ல சதை"ன்னாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததுல இருந்து வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் இதே பேச்சு. "என் முதுகுக்கு மாற்றல் வந்திருக்கு. பின்பக்கக் கிளையில இருந்து தலைமை ஆபீஸுக்கு, பதவி உயர்வோட." கால்சட்டைக்கு ஓரம் மடிக்கக் குடுக்க வந்த ஒரு அம்மா, "அப்போ கையைத் தூக்கினா நெஞ்சு அடைக்குமா?"ன்னு கேட்டாங்க. அந்த அம்மாவுக்கு அரை மணி நேரம் பாடம் நடந்துச்சு. ஓரம் மடிக்கிற வேலைக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு.

மத்தபடி மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்டாரு. வாளியைத் தொடலை. கடைக்குப் போகலை. சாப்பிட்டதும் படுத்தாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொன்ன பேச்சைக் கேக்காத ஆளு திடீர்னு கேக்குறாருன்னா, அங்கேயே எனக்கு உறைச்சிருக்கணும். நான்தான் பயத்துல திருந்திட்டாருன்னு நம்பி ஏமாந்துட்டேன்.

என் தம்பி தினமும் பதினோரு மணிக்கு வருவான். கடைகளோட இரும்பு ஷட்டர் சிக்கிக்கிட்டா சரி பண்றது அவன் தொழில். கையில எப்பவும் ஒரு கிரீஸ் டப்பா இருக்கும், நகத்துக்குள்ள அந்தக் கறுப்பு எப்பவும் போகாது. "அத்தானுக்குப் பேச்சுத் துணைக்கு வந்தேன்க்கா"ம்பான். ரெண்டு பேரும் பின்னாடி ஷெட்டுக்குப் போவாங்க. அங்கே காத்து நல்லா வருதாம், படுத்துக்கிட்டே பேசலாமாம். நானும் மெஷினை மிதிச்சுக்கிட்டே, தம்பின்னா இவன்தான் தம்பின்னு உருகிக்கிட்டிருந்தேன். ஷெட்டுல இருந்து ஒரு சத்தம்கூட வராது.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கிறப்போ, ஆஸ்பத்திரிக்குப் போட முன்பக்கம் திறக்கிற மாதிரி ரெண்டு சட்டை தைக்கலாம்னு மாஸ்டரை நிக்க வெச்சு அளவெடுத்தேன். முதுகுத்தண்டுல இருந்து வலது அக்குள் வரைக்கும் ஒன்பதே கால் இஞ்சு. பழைய அளவு ரெண்டு பக்கமும் ஒன்பதரை, அதைவிடக் கால் இஞ்சு கம்மி. சரிதான், உடம்பு இளைச்சிருக்கு. இடது பக்கம் வெச்சேன். பத்து.

டேப்பைத் தப்பா பிடிச்சுட்டேன்னு நினைச்சு மறுபடி வெச்சேன். பத்து. வேற டேப் எடுத்துட்டு வந்தேன், அதுலயும் பத்துதான். இளைச்சுப் போன மனுஷனுக்கு ஒரு பக்கம் மட்டும் அரை இஞ்சு கூடுமா? நான் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு அவர் மூஞ்சியைப் பார்த்தேன். அவர் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையா பார்த்துக்கிட்டிருந்தாரு.

"டேய், இங்கே வா"ன்னேன். தம்பி வந்து திருதிருன்னு முழிச்சான். இவனைச் சின்ன வயசுல இருந்து பார்க்கிறவ நான். ரெண்டு முறைப்புக்கே எல்லாத்தையும் கக்கிட்டான். தினமும் பதினோரு மணிக்கு, மேலே இருந்து இழுக்கிற கம்பியில, இடது கையால மட்டும், நாலு செட்டு. சத்தம் வரக் கூடாதுன்னு இவன் கப்பிக்குக் கிரீஸ் போட்டு, இரும்புத் தட்டுக்கு அடியில ரப்பர் வெச்சிருக்கான். ஊர்ல உள்ள ஷட்டர் எல்லாம் கிறீச்கிறீச்சுன்னு கத்துது, இந்தக் கப்பி மட்டும் பூனை மாதிரி ஓடுது.

"நான் பல்ஸைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்க்கா. அத்தான் வலது கையை நான் விடவே இல்லை"ன்னான். அவனோட மருத்துவ ஞானம் அவ்வளவுதான்.

மாஸ்டர் கொஞ்சமும் அசரலை. "பின்னே எப்படிக் குடுக்கிறது? ரெண்டு மாசமா படுத்தே கிடந்து, சதை வத்திப் போய்க் கிடக்கு. மெலிஞ்ச முதுகைக் கொண்டு போய் அவ்வளவு பெரிய டாக்டர் கையில குடுத்தா, முப்பது வருஷமா நான் பார்த்த தொழிலுக்கு என்ன மரியாதை? இதயத்தைத் தாங்கப் போற சரக்கு. அதை நல்ல சரக்கா குடுக்கணுமா வேண்டாமா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரெண்டு பேரையும் சேர்த்து வெளுத்து வாங்கினேன். திட்டிக்கிட்டே குனிஞ்சப்போதான் அவர் கால் கண்ணுல பட்டுச்சு. வீட்டுக்குள்ள எதுக்கு இந்த மனுஷன் சாக்ஸ் போட்டுக்கிட்டுத் திரியறாருன்னு கழட்டச் சொன்னேன். கணுக்கால்ல சாக்ஸ் இறுக்கின இடம் பள்ளமா பதிஞ்சிருந்துச்சு. விரலால அமுக்கினேன், குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. உடம்புல தண்ணி கோத்திருக்கு. திட்டு அதோட நின்னு போச்சு.

அன்னைக்கே மூணாவது தலைகாணி கேட்டாரு. மறுநாள் ஒண்ணும் கேக்காம நாலாவதை அவரே எடுத்துக்கிட்டாரு.

இன்னும் ரெண்டு நாள்ல சர்ஜன் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு சொல்லியிருந்தாரு. அதுல தேறினாதான் ஆபரேஷன். மாஸ்டர் என்ன பண்ணணும்? உள்ளதைச் சொல்லணும். பண்ணினது என்ன தெரியுமா? ஒத்திகை. என் வெட்டு மேஜையில, பாதி வெட்டி வெச்சிருந்த ஒருத்தரோட கோட்டுத் துணி மேலேயே, மல்லாக்கப் படுத்துக்கிட்டாரு. தம்பி என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சர்ஜன் ஆயிட்டான்.

"எத்தனை தலைகாணி?"

"ரெண்டு டாக்டர்."

"படுத்தா மூச்சு முட்டுதா?"

"சேச்சே."

"அத்தான், 'சேச்சே' சொல்றப்போ நெஞ்சு ஏறி இறங்குது. 'இல்லை'ன்னு சின்னதா சொல்லுங்க."

மூணு நிமிஷம் தாக்குப் பிடிச்சாரு. நாலாவது நிமிஷம் உதடு நீலம் பாரிக்கிற மாதிரி இருந்துச்சு, எழுந்து உக்கார்ந்து மேஜை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினாரு. தம்பி கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். மூச்சு திரும்ப வந்ததும் மாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னாரு. "நாலுன்னு தெரிஞ்சா ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லைன்னா நானும் கிடையாது. டாக்டர்கிட்ட நீ வாயைத் திறக்கக் கூடாது."

நான் சரின்னேன். சரின்னு சொல்லிட்டு ரெண்டு நாள் தூக்கமும் இல்லை, ஒரு சட்டை உருப்படியா தைக்கவும் இல்லை. சொன்னா கத்தி வைக்க மாட்டாங்க, ஆளு மெல்ல மெல்லப் போயிடுவாரு. சொல்லாட்டி கத்தி வைப்பாங்க, மேஜையிலேயே போயிடுவாரு. இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு நடுவுல நிக்கணும். வாயை மூடுறது எனக்குப் பழக்கமில்லாத வேலைன்னு முப்பது வருஷமா என்கூடக் குடும்பம் நடத்தறவருக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில மாஸ்டர் பிரமாதமா நடிச்சாரு. நடந்து வந்தப்போ போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிமிர்ந்து வந்தாரு. மல்லாக்கப் படுத்தாரு, ஒரு சிரிப்பு வேற. சர்ஜன் கேட்டாரு, "எத்தனை தலைகாணி?"

"ரெண்டு டாக்டர்."

"படுத்தா மூச்சு?"

"இல்லை." சின்னதா, ஒத்திகையில சொல்லிக் குடுத்த மாதிரியே.

சர்ஜன் பேனாவைத் திறந்து ஃபைல்ல "2"ன்னு எழுதினாரு. ஒரே ஒரு நம்பர்தான். தப்பான அளவை நோட்டுல எழுதிட்டா, அப்புறம் எவ்வளவு கெட்டிக்காரன் வெட்டினாலும் துணி பாழ்.

"நாலு"ன்னேன்.

நான் நிறுத்தலை, ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. நாலு தலைகாணி, கணுக்கால் பள்ளம், பதினோரு மணி, நாலு செட்டு, கிரீஸ், ரப்பர், அரை இஞ்சு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். தம்பி பாத்ரூம் எங்கேன்னு நர்ஸைக் கேட்டுக்கிட்டு வெளியே நழுவிட்டான். சர்ஜன் எதையும் கண்டுக்கலை, ஒண்ணை மட்டும் கேட்டாரு. "அரை இஞ்சா? அது எப்படித் தெரியும்?" பையில இருந்து டேப்பை எடுத்து அவர் கண்ணு முன்னாடியே வெச்சுக் காட்டினேன். வலது ஒன்பதே கால், இடது பத்து, பழைய அளவு ஒன்பதரை.

அவர் முதுகைத் தடவிப் பார்த்தாரு. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு மாஸ்டருக்கு எதிர்ல உக்கார்ந்தாரு. "மாஸ்டர், எனக்குத் தடியான சதை வேண்டாம். தடியா இருந்தா மடங்காது, இதயத்தை அணைச்சுக்காது, நெருக்கும். எனக்கு மெல்லிசா, அகலமா ஒரு போர்வை வேணும். இது பெரிய சுமையை ஒரு தடவை தூக்கப் போற சதை இல்லை. சின்னச் சுமையை நிறுத்தாம தூக்கப் போற சதை. நீங்க பழக்கினது நேர் எதிர்."

மாஸ்டர் முகம் செத்துப் போச்சு. முப்பது வருஷமா ஆயிரம் முதுகைச் செதுக்கின ஆளுகிட்ட, நீ உன் முதுகைக் கெடுத்துட்டேன்னு ஒருத்தர் சொல்றாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. சர்ஜன் எழுந்துக்கிட்டாரு. "இப்பவே அட்மிட் ஆகுங்க. தண்ணியை இறக்குவோம். பத்து நாள் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. ரெண்டு தலைகாணிக்கு வந்தா பண்ணுவேன், வராட்டி பண்ண மாட்டேன். உங்க மனைவி மட்டும் சொல்லலைன்னா இன்னும் நாலு நாள்ல உங்களை மேஜையில ஏத்தியிருப்பேன். இறக்கியிருக்க முடியாது."

அவர் போனதும் மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. "காட்டிக் குடுத்துட்டியே"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

பேசலைன்னா, ஒரே அறையில, ரெண்டு அடி தள்ளி உக்கார்ந்துக்கிட்டுப் பேசலை. எல்லாம் தம்பி வழியா. "உங்க அக்காகிட்ட ஜன்னலைச் சாத்தச் சொல்லு." "அக்கா, ஜன்னலைச் சாத்து." "உங்க அத்தான்கிட்ட சொல்லு, ஜன்னல் சாத்தித்தான் இருக்கு." ஒருநாள் எங்கேயோ ஒரு கடை ஷட்டர் பாதியில நின்னுடுச்சுன்னு தம்பி போயிட்டான். மூணு மணி நேரம் அறையில மூச்சுச் சத்தம் மட்டும்தான். இவருக்குத் தாகம். கூரையைப் பார்த்து, "இந்த ரூம்ல யாராவது இருந்தா அரை டம்ளர் தண்ணி குடுக்கலாம்"னாரு. நானும் கூரையைப் பார்த்து, "அளவு தண்ணிதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, இன்னைக்கு அளவு முடிஞ்சுடுச்சு"ன்னேன். நர்ஸ் பாவம், எங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காதுன்னு நினைச்சுட்டா.

அந்தப் பத்து நாள்ல உடம்புல இருந்த தண்ணி வடிஞ்சுது. நாலு மூணாச்சு, மூணு ரெண்டாச்சு. நான் தினமும் ராத்திரி தலைகாணியை எண்ணிட்டுத்தான் படுப்பேன். முதுகு அளவு கேக்காதீங்க, அதையும் எடுத்தேன். கால் இஞ்சு இறங்கியிருந்துச்சு. பதினோராவது நாள் காலையில சர்ஜன் வந்து பார்த்துட்டு, சரின்னு தலையாட்டினாரு.

ஸ்ட்ரெச்சர்ல ஏத்தித் தள்ளிக்கிட்டுப் போறப்போ கூடவே நடந்தேன். ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு கதவு வரைக்கும் போனேன். இவர் தம்பியைப் பார்த்து, "உங்க அக்காகிட்ட சொல்லு, சட்டைக் காஜா இறுக்கமா இருக்கு, பட்டன் போட வரலை"ன்னாரு. கதவு சாத்திக்கிச்சு.

ஆறு மணி நேரம். நான் அழலை, பெஞ்சுல உக்கார்ந்து அந்தக் காஜாவையே நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒருவேளை இந்த ஆள் திரும்பி வரலைன்னா, என்கிட்ட நேரா பேசின கடைசிப் பேச்சு "காட்டிக் குடுத்துட்டியே"ங்கிறதாவே போயிடும். அதுக்கப்புறம் நான் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையோடதான் இருக்கணும். செத்தே போயிடலாம் போல இருந்துச்சு. தம்பி பக்கத்துல உக்கார்ந்து நகத்துல இருந்த கிரீஸை ஊசியால தோண்டிக்கிட்டே இருந்தான். "நான்தான்க்கா காரணம்"னான். ஆமாண்டான்னு சொல்ல நினைச்சேன், சொல்லலை. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தாரு. "போர்த்தியாச்சு. மிச்சம் இருந்த கால் இஞ்சு கொஞ்சம் முரண்டு பண்ணிச்சு, ஆனா வந்துடுச்சு"ன்னாரு. அப்பதான் அழுதேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குற மாதிரி அழுதேன்.

பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். இடது பக்கம் முதுகு குழிஞ்சு போச்சு. நடந்தா ஒரு தோள் தாழ்ந்து தெரியும். கண்ணாடி முன்னாடி போய் நின்னு ரொம்ப நேரம் பார்த்தாரு. நான் அந்தக் குழிக்கு மேலே விழுற மாதிரி சட்டையில ரெண்டு மடிப்பு வெச்சுத் தைச்சுப் போட்டுவிட்டேன். போட்டுக்கிட்டாரு. பேச்சு மட்டும் இன்னும் தம்பி வழியாதான். வீம்புன்னா வீம்பு, அப்படி ஒரு வீம்பு.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆனதும் பெட்டியை முடுக்கறதுக்குப் போனோம். அதுக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா. பெட்டி வேலை மட்டும்தான் அவளுக்கு. சின்ன உருவம், கறாரான குரல். மாஸ்டர் வயித்து மேலே ஒரு கருவியை வெச்சு, திரையைப் பார்த்து ஏதோ தட்டினா. மாஸ்டர் திடுக்குன்னு நெஞ்சைத் தொட்டாரு. "அட, இழுக்குது"ன்னாரு. கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. எங்கேயோ பின்னாடி கிடந்த சதை, முன்னாடி வந்து முதல் தடவையா வேலையில சேருது.

ஆனாலும் பழைய புத்தி போகலை. "எத்தனை துடிப்புக்கு ஒண்ணு வெச்சிருக்கம்மா?"

"நாலுக்கு ஒண்ணு."

"ரெண்டுக்கு ஒண்ணு வெய்யேன். நல்ல சதைம்மா அது, தாங்கும்."

"நான் சொல்றப்போ ரெண்டாகும்"னா அவ. இந்தப் பொண்ணையும் எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு வளையம் மாதிரி காந்தத்தை எடுத்து வெச்சா. கூடவே ஒரு நோட்டு. பெட்டி தாறுமாறா இழுத்தா இந்தக் காந்தத்தை அது மேலே வெச்சு நிறுத்தணுமாம். தினமும் எப்படித் தூங்கினாரு, எத்தனை தலைகாணி, எவ்வளவு நடந்தாரு, எப்போ மூச்சு வாங்கிச்சு, எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு வரணுமாம். "இதை வெச்சுத்தான் நான் பெட்டியைக் கூட்டிக் குறைப்பேன். இதுல தப்பா எழுதினா நான் தப்பா கூட்டிடுவேன், சதை செத்துப் போயிடும். வீட்டுல யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"

தம்பி உடனே கையை நீட்டினான். "குடுங்க, நான் பார்த்துக்கறேன்." அத்தானுக்கும் அவனுக்கும்தானே ஒட்டுறவு. நான் என் பைக் கயித்தை முறுக்கிக்கிட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

மாஸ்டர் தம்பி கையைத் தள்ளி விட்டாரு. "அவன்கிட்ட வேண்டாம்மா. நான் என்ன சொன்னாலும் எழுதிக்குவான்"னாரு. விரலை என் பக்கம் நீட்டினாரு. "இவகிட்ட குடு. இவ என்னைக் காட்டிக் குடுத்துடுவா."

அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியலை. என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. நோட்டையும் காந்தத்தையும் என் மடியில வெச்சா. எனக்குக் கண்ணு ரெண்டும் மறைச்சுது. அவ நோட்டைத் திறந்து முதல் பக்கத்துல தேதி போட்டுட்டு, மாஸ்டர்கிட்ட கேட்டா. "வீட்டுக்கு வந்தப்புறம் ஏதாவது தூக்கினீங்களா?"

"ஒண்ணுமே தூக்கலை."

"நேத்து காலையில பத்தே முக்காலுக்கு ஷெட்டுக்குப் போய், அஞ்சு கிலோ தட்டை எடுத்து ஓரமா சாய்ச்சு வெச்சாரு"ன்னேன். "வலது கையாலதான்."

மாஸ்டர் மெல்லத் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தாரு. "ஏண்டி, அதையுமா சொல்லணும்?"

இருபத்தஞ்சு நாளைக்கு அப்புறம் அவர் என்கிட்ட நேரா பேசினது அதுதான். நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டே அந்தப் பொண்ணுகிட்ட பேனாவை வாங்கி, "அஞ்சு கிலோ"ன்னு எழுதினேன்.